மோட்டுவளை மோகம்

வேலையில்லாதவன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்பார்கள். போன வருடம் நான் விமான டிக்கெட் வாங்கிக்கொண்டு கனடாவுக்குப் போய் அந்த வேலையைச் செய்துவிட்டு வந்தேன்.

டொரான்டோவை ஒட்டியிருக்கிற மிசிசாகாவில் என் கல்லூரி நண்பன் இருக்கிறான். என் பக்கத்தில் உட்கார்ந்து பி.காம். படித்தவன். இரண்டு பேருக்குமே கடைசி வரை பேலன்ஸ் ஷீட் டாலி ஆனதில்லை. அவன் இன்று சொந்த வீட்டுக்காரன். போய் இறங்கிய அன்றே, காபியைக்கூடக் குடிக்க விடாமல், "வாடா, கீழ ஒண்ணு காட்டறேன்" என்று படியிறக்கி அழைத்துப் போனான்.

பேஸ்மென்ட். ஒரு மூலையில் பெரிய டி.வி., நடுவில் பில்லியர்ட்ஸ் மேஜை, சுவரோரம் சோபா. எல்லாம் சரி. அண்ணாந்து பார்த்தேன். சீலிங்கைக் காணோம்! மரக் கட்டைகள், தகர டக்ட்டுகள், பிளாஸ்டிக் குழாய்கள், ஒயர்கள்... எல்லாவற்றின் மேலும் கன்னங்கரேலென்று ஒரே பெயின்ட்.

"பணம் தீந்துபோச்சாடா?" என்றேன் அக்கறையாக.

"போடா லூசு. இது எக்ஸ்போஸ்ட் சீலிங். இண்டஸ்ட்ரியல் லுக். இங்க இப்ப இதான் ஸ்டைல்."

அவன் சொல்லி முடிக்கவும், என் தலைக்கு நேர் மேலே கறுப்புக் குழாய் ஒன்றில் 'களகளகள' என்று ஒரு சத்தம் ஓடி, சுவர்ப் பக்கம் போய் மறைந்தது. நான் மெதுவாக இரண்டடி தள்ளி நின்றேன். படியிலிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தார். "பயப்படாதீங்கண்ணா, பையன் குளிக்கறான். அவ்வளவுதான்."

அவ்வளவுதானா? அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

நம்மூரில் வீட்டுக்குக் கீழே வீடு கிடையாது. அங்கே ஏன் இருக்கிறது? குளிர்தான் காரணம். பனிக்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து உப்பி, மேலே இருப்பதைத் தூக்கும். அதனால் அஸ்திவாரம் உறைகிற ஆழத்துக்கும் கீழே போக வேண்டும். டொரான்டோவில் அது சுமார் நாலடி. நாலடி எப்படியும் தோண்டித்தான் ஆக வேண்டும் என்றால், இன்னும் நாலடி தோண்டினால் ஒரு தளமே கிடைக்கிறதே! வெள்ளைக்காரன் கணக்கு தெரிந்தவன். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், வெந்நீர் டாங்க், துணி துவைக்கும் மெஷின், வேண்டாத சாமான் எல்லாம் அங்கே போயின. பிறகு வேண்டாத சாமானைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, பிள்ளைகள் விளையாட ஒரு ஹால். அதற்கும் பிறகு வாடகைக்கு ஆள்.

அப்படி ஹாலாக மாற்றும்போது வருகிற முதல் கேள்வி, சீலிங்கை என்ன செய்வது? மேல் தளத்தின் தரையைத் தாங்குகிற கட்டைகளுக்கு 'ஜாயிஸ்ட்' என்று பெயர். பதினாறு அங்குலத்துக்கு ஒன்று என்று வரிசையாக ஓடும். அவற்றின் இடையிலும் கீழேயும்தான் வீட்டின் நரம்பு, குடல், ரத்தக் குழாய் எல்லாம். இதை ஜிப்சம் போர்டு அடித்து மூடலாம். அல்லது கம்பிச் சட்டம் தொங்கவிட்டு, நம்மூர் பாங்க்குகளில் இருப்பதுபோல சதுர அட்டைகளைப் பொருத்தலாம். அல்லது என் நண்பனைப்போல மூடாமலே விட்டுவிட்டு அதற்கு ஒரு பெயர் வைக்கலாம்.

சும்மா கிண்டல் செய்யக் கூடாது. திறந்த சீலிங்குக்கு நியாயமான காரணங்கள் உண்டு. முதல் காரணம், உயரம். பழைய வீடுகளின் பேஸ்மென்ட்டில் ஆறரை அடி உயரம் இருந்தாலே பெரிய விஷயம். தொங்கும் அட்டை சீலிங் போட்டால் அதிலும் மூன்று, நான்கு அங்குலம் போய்விடும். திறந்து விட்டால் கட்டைகளுக்கு நடுவே ஒன்பது அங்குலத்துக்கு மேல் கண்ணுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. இரண்டாவது, எங்கேயாவது குழாய் ஒழுகினால் உடனே தெரியும். சீலிங்கை உடைக்க வேண்டாம். மூன்றாவது, 'செலவு மிச்சம்' என்கிறார்கள். இதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இந்த மோகத்தில் மூன்று ஜாதி உண்டு.

முதலாவது, என் நண்பனின் அடர் கறுப்பு. இருட்டில் எதுவும் தெரியாது என்பதுதான் தத்துவம். சினிமா பார்க்கிற அறைக்குப் பொருத்தம். ஆனால் கறுப்பு வெளிச்சத்தைக் குடித்துவிடும். ஏற்கெனவே ஜன்னல் இல்லாத அறை. அதில் இரண்டு மடங்கு விளக்கு போட்டு, அந்த விளக்கு மறுபடி குழாய்களை எடுத்துக் காட்டி... எதற்காகக் கறுப்பு அடித்தோமோ அதுவே அடிபட்டுப் போகிறது.

இரண்டாவது, வெள்ளை. வெளிச்சம் பரவும், அறை பெரிதாகத் தெரியும். மூன்றில் குடித்தனத்துக்கு ஏற்றது இதுதான் என்பது என் கட்சி. ஆனால் வெள்ளை எதையும் மன்னிக்காது. கோணல் ஒயர், அழுக்கு டக்ட், மேல் தரையிலிருந்து துளைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிற ஆணி முனைகள், எல்லாம் பளிச்சென்று தெரியும்.

மூன்றாவது, மரத்தை மரமாகவே விட்டுவிடுவது. நூறு வருடத்துப் பழைய வீடு, கெட்டிக் கட்டைகள் என்றால் அழகோ அழகு. மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய சென்னை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். வரிசையாகத் தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் சுண்ணாம்பில் சாய்த்து அடுக்கிய செங்கல். படுத்துக்கொண்டு எண்ணலாம். அந்தக் கட்டைகள் கீழே படுத்திருப்பவன் கண்ணில் படும் என்று தெரிந்தே தச்சன் இழைத்தான். ஆனால் புது வீடுகளின் கட்டைகளில் கம்பெனி முத்திரையும், பென்சில் குறியும், சொட்டி உறைந்த பசையும்தான் இருக்கும். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துச் செய்த வேலை அது. அதைப் பார்க்க வைத்தால் அதன் மேல் தப்பில்லை.

இந்த விஷயத்தில் என் சண்டையே இங்கேதான் ஆரம்பிக்கிறது. திறந்த சீலிங்குக்காரர்கள் அடிக்கடி சொல்கிற வார்த்தை, 'நேர்மை'. கட்டடம் தன் எலும்பைத் தானே காட்டுகிறது, ஒளிவுமறைவு இல்லை என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், எல்லாவற்றையும் திறந்து காட்டிவிட்டு, அதன் மேல் கறுப்பை அடித்து மறைப்பதில் என்ன சார் நேர்மை? கறுப்பு பெயின்ட்டும் ஒரு திரைதான். கொஞ்சம் மலிவான திரை.

நேர்மையாகக் காட்டுவது எப்படி என்று பாரீஸில் 1977-ல் திறந்த பாம்பிடூ மையத்தைப் பார்த்தால் தெரியும். ரென்ஸோ பியானோ, ரிச்சர்ட் ரோஜர்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் குழாய்களை வெளியே எடுத்துப்போட்டு அவற்றுக்கு நிறம் கொடுத்தார்கள். காற்றுக்கு நீலம், தண்ணீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள், ஆட்கள் போய்வரும் வழிக்குச் சிவப்பு. பார்க்கிறவனுக்கு எது எங்கே போகிறது என்று புரியும். அதற்குப் பெயர் காட்டுவது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. பெரிய பராமரிப்பு வேலைக்காக 2025 செப்டம்பரில் அதை முழுதாக மூடினார்கள். 2030-ல் திறப்பதாகத் திட்டம். ஐந்து வருடம்!

லூயி கான் வேறு வழியில் போனார். அகமதாபாத் ஐ.ஐ.எம். கட்டடத்தை வரைந்தாரே, அவரேதான். கலிஃபோர்னியாவில் 1965-ல் முடிந்த சால்க் ஆய்வு நிறுவனத்தில், ஆய்வுக்கூடத் தளங்களுக்கு இடையே குழாய்களுக்கென்று தனித் தளமே கட்டினார். ரிப்பேர்காரர் உள்ளே நிமிர்ந்து நின்று வேலை பார்க்கலாம். கீழே ஆய்வு செய்கிறவருக்குத் தொந்தரவு இல்லை. ஒன்று, மரியாதையாகக் காட்டு. இல்லை, மரியாதையாக இடம் கொடுத்து வை. பேஸ்மென்ட் ஃபேஷன் இரண்டையும் செய்வதில்லை.

இந்த 'லுக்' எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவாரஸ்யம். நியூயார்க்கில் சோஹோ பகுதியில் தொழிற்சாலைகள் காலியாகிக் கிடந்தன. 1960-களில் ஓவியர்கள் அங்கே குடியேறினார்கள். வாடகை குறைவு, இடம் பெரிது. தொழிற்சாலை சீலிங்கில் குழாய்கள் அப்படியே இருந்தன. அதை மூட அவர்களிடம் காசு இல்லை. கலைஞர்கள் வசிப்பதை 1971-ல் சட்டமும் ஏற்றுக்கொண்டது. பின்னாலேயே பணக்காரர்கள் வந்தார்கள், வாடகை ஏறியது, ஓவியர்கள் வெளியேறினார்கள். மூடாத சீலிங் மட்டும் ஃபேஷனாக அங்கேயே தங்கிவிட்டது. இன்று நம்மூர் காபிக் கடை வரைக்கும் வந்துவிட்டது. இல்லாதவன் வேறு வழியில்லாமல் விட்டு வைத்ததை இருக்கிறவன் காசு கொடுத்துச் செய்துகொள்கிறான்.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. 'செலவு மிச்சம்' என்றார்களே, அந்தக் கணக்கைப் பார்ப்போம். இந்த ஒன்றுக்காவது என் பி.காம். பயன்படட்டும்.

தட்டையான சீலிங் ஐந்நூறு சதுர அடி என்றால் பெயின்ட் அடிக்க வேண்டிய பரப்பும் ஐந்நூறுதான். திறந்த சீலிங்கில் அப்படியல்ல. பதினாறு அங்குலத்துக்கு ஒரு கட்டை. ஒவ்வொன்றும் ஒன்பதே கால் அங்குல ஆழம். அதற்கு இரண்டு பக்கம். ஆக, பதினாறு அங்குலம் அடிக்க வேண்டிய இடத்தில் இன்னும் பதினெட்டரை அங்குலம் கூடுகிறது. ஐந்நூறு சதுர அடி, ஆயிரத்து எண்பது ஆகிவிடும். டக்ட்டும் குழாயும் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. பிரஷ்ஷால் முடியாது, ஸ்ப்ரே மெஷின் வேண்டும். அதற்கு முன்னால் அறை முழுக்க பிளாஸ்டிக் கட்டி மூட வேண்டும். தாறுமாறாகத் தொங்கும் ஒயர்களை நேராக்க எலக்ட்ரீஷியன், ஆணி முனைகளை வெட்ட ஓர் ஆள். பழைய வீடாக இருந்தால் டக்ட் இணைப்பில் சுற்றிய வெள்ளை டேப்பில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதைச் சுரண்டினால் செலவு பர்ஸோடு நிற்காது, நுரையீரலுக்கும் போகும். எல்லாம் கூட்டினால் போர்டு அடிக்கிற செலவுக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. என் நண்பனே ஒப்புக்கொண்டான். ஆனால் மனைவி பக்கத்தில் இல்லாதபோது.

சரி, அவன் வீடு, அவன் காசு, அவன் ரசனை. இத்தோடு சிரித்துவிட்டு வந்திருப்பேன். நாலாம் நாள் ஸ்கார்பரோவுக்குப் போகாமல் இருந்திருந்தால்.

ஸ்கார்பரோ, டொரான்டோவில் ஈழத் தமிழர்கள் நிறைய வாழ்கிற பகுதி. போர் துரத்த வந்தவர்களில் பலர் கனடாவைப் பார்க்க ஆரம்பித்தது பேஸ்மென்ட் ஜன்னல் வழியாகத்தான். அந்த ஜன்னலில் ஆகாயம் தெரியாது. போகிறவர்களின் கால்கள் தெரியும். என் நண்பர் ஒருவரின் தாயார் இன்னும் அப்படி ஒரு வாடகை பேஸ்மென்ட்டில்தான் இருக்கிறார். மகன் கூப்பிட்டும், தனியாக இருப்பதுதான் வசதி என்று போக மறுக்கிறவர். யாழ்ப்பாணத்துக்காரர்.

அவர் வீட்டு சீலிங் பழைய அட்டை சீலிங். ஒரு மூலையில் தண்ணீர் இறங்கி, இலங்கை வரைபடம் மாதிரி பழுப்புக் கறை. தேநீர் கொடுத்துவிட்டு ரொம்ப மெல்லிய குரலில் பேசினார். தொண்டை சரியில்லையோ என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி. மேல ஆக்கள் கதைக்கிறது எனக்கு வடிவாக் கேக்கும். அப்ப நான் கதைக்கிறதும் அவைக்குக் கேக்கும்தானே? அதால மெதுவாத்தான் கதைக்கிறனான்."

பத்து வருடமாக ஒரு மனுஷி குரலை இறக்கியே பேசிக்கொண்டிருக்கிறார். அதுவும் மூடிய சீலிங்கின் கீழே!

பிறகு அவரே விஷயத்துக்கு வந்தார். வீட்டுக்காரர் அந்தக் கறை பிடித்த அட்டைகளைக் கழற்றப்போகிறாராம். புதிதாக மாட்டப்போவதில்லை. 'ஓப்பன் சீலிங்' செய்து, கறுப்பு பெயின்ட் அடித்து, வாடகையையும் கொஞ்சம் ஏற்றப்போகிறாராம்.

"தம்பி, நீங்கள் பேப்பர்ல எழுதிறனீங்கள்தானே, தெரிஞ்சிருக்கும். கறுப்புப் பெயின்ட் அடிச்சா சத்தம் குறையுமோ?"

எனக்குப் பதில் வரவில்லை. இல்லை அம்மா, குறையாது, கூடும் என்று எப்படிச் சொல்வது? போர்டும் அதன் மேல் பஞ்சும் இருந்தால்தான் காலடிச் சத்தம் கொஞ்சமாவது அடங்கும். திறந்து விட்டால் மேலே நடக்கிறவனின் செருப்புக்கும் கீழே படுத்திருப்பவரின் காதுக்கும் நடுவே ஒரு பலகைதான் மிச்சம்.

சத்தமாவது பரவாயில்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சீலிங் அலங்காரம் பற்றிய வண்ணப் படங்களின் கீழே அதை யாரும் எழுதுவதில்லை. நெருப்பு.

சீலிங்கில் அடிக்கும் அரை அங்குல ஜிப்சம் போர்டு அழகுக்கு மட்டும் என்று நானும் நினைத்திருந்தேன். ஜிப்சத்துக்குள் தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. தீப்பிடித்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகி முடிகிற வரை பின்னால் இருக்கும் மரத்துக்குச் சூடு ஏறாது. அமெரிக்காவில் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் 2008-ல் வெளியிட்ட சோதனையில் இதைக் கொளுத்தியே பார்த்தார்கள். மூடாத பழைய முறைக் கெட்டிக் கட்டைத் தரை சுமார் 18 நிமிடத்தில் விழுந்தது. புது வீடுகளில் போடுகிற மெல்லிய கட்டை ஒன்று உண்டு. மேலும் கீழும் பட்டை, நடுவில் மெலிந்த பலகை, பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில 'ஐ' எழுத்து மாதிரி இருக்கும். அந்தத் தரை மூடாமல் இருந்தபோது ஆறே நிமிடம்! அதையே அரை அங்குல போர்டு அடித்து மூடியபோது 26 நிமிடம் நின்றது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய சோதனைகளும் இதே திசையைத்தான் காட்டின.

ஆறு நிமிடத்துக்கும் 26 நிமிடத்துக்கும் நடுவே என்ன நடக்கும்? மேலே தூங்குகிற குழந்தை எழுந்து வெளியே வரும். தீயணைப்பு வீரர் உள்ளே போய்த் திரும்பி வருவார். தளம் இற்றுப்போனது தெரியாமல் கால் வைத்து பேஸ்மென்ட்டுக்குள் விழுந்த வீரர்கள் அங்கே உண்டு. அதனால்தான் அமெரிக்காவின் மாதிரி வீட்டுக் கட்டட விதி, 2012 பதிப்பிலிருந்து, புது வீட்டுத் தரைகளின் அடிப்பக்கத்தை மூடச் சொன்னது. இரண்டுக்குப் பத்து அளவுக்குக் குறையாத கெட்டிக் கட்டை என்றாலோ, தானாகத் தண்ணீர் பீய்ச்சும் ஸ்பிரிங்க்ளர் இருந்தாலோ விலக்கு உண்டு.

மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம் என்றால் விஷயம் இன்னும் கண்டிப்பு. ஒன்டாரியோ விதிப்படி இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவே தீத் தடுப்பு இருந்தாக வேண்டும். அது ரசனை சம்பந்தப்பட்டதே இல்லை, சட்டம். நகராட்சியில் அனுமதி கேட்டால் முதலில் இதைத்தான் பார்ப்பார்கள். அனுமதி கேட்காமல் கட்டுகிறவர்கள் இருப்பதுதான் பிரச்னை.

ஆகவே, திறந்த சீலிங் கூடாது என்பதா என் தீர்ப்பு? இல்லை. சொந்த வீடு, கெட்டிக் கட்டை, கீழே யாரும் தூங்கப் போவதில்லை, உயரம் நிஜமாகவே போதவில்லை என்றால் திறந்து வையுங்கள். வெள்ளை அடியுங்கள். ஒயரை நேராக்குங்கள். சாப்பிடுகிற இடத்துக்கு மேல் கழிவுக் குழாய் போனால் அதை மட்டுமாவது பெட்டி கட்டி மூடுங்கள். புகை அலாரத்தின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள், அதுவும் கறுப்பாக இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. உயரமும் வேண்டும், போர்டும் வேண்டும் என்றால் கட்டைகளுக்கு நடுவே ஏற்றி போர்டு பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க மெட்ராஸ் டெரஸ் சாயலில் இருக்கும். ஆனால் அப்போது கட்டைகளின் அடிப்பக்கம் திறந்தேதான் இருக்கும். எனவே அதுவும் கெட்டிக் கட்டைக்குத்தான். படுக்கையறை, வாடகை வீடு, 'ஐ' கட்டை, இந்த மூன்றில் எது இருந்தாலும் மூடிவிடுங்கள். அங்கே சீலிங் என்பது நமக்கும் மேலே இருப்பவருக்கும் நடுவே போட்ட ஓர் ஒப்பந்தம். ஒரு தரப்பு ஸ்டைலுக்காக அதைக் கிழிக்கக் கூடாது.

ஸ்கார்பரோ அம்மாவின் மகனிடம் அன்று ராத்திரியே பேசினேன். அவர் வீட்டுக்காரரிடம் சண்டை போடவில்லை. "வேலை தொடங்க முன்னம் பெர்மிட்டை ஒருக்காக் காட்டுங்கோ" என்று மட்டும் கேட்டிருக்கிறார். கறுப்பு பெயின்ட் பேச்சு அத்தோடு நின்றது. ஒரு மாதம் கழித்து பஞ்சு வைத்து, போர்டு அடித்துத் தந்தார்களாம். அம்மா இப்போது போனில் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறார்.

மிசிசாகாக்காரனிடம் விமானம் ஏறும் முன்பு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "உன் தலைக்கு மேல இருக்கறது என்ன கட்டைடா?"

"தெரியலையே... கறுப்பா இருக்கு."

நான் சென்னை வந்து சேர்ந்த மறுநாள் போன் செய்தான். டார்ச் அடித்து, ஏணி போட்டு ஏறிப் பார்த்தானாம். குரலில் பழைய ஜம்பம் இல்லை.

"'ஐ' மாதிரிதான்டா இருக்கு. பெயின்ட் அடிச்சவன் நம்பர் இருக்கு. போர்டு அடிக்கறவன் நம்பரைத்தான் தேடிட்டிருக்கேன்."